முப்பத்தொரு ஓட்டையும் ஒரு ஈயச் சீலும்

அன்புள்ள சின்ன இன்ஸ்பெக்டருக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. முழங்காலையும் மறதியையும் கழித்துவிட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் அம்மா ஒரு கண் புதுசாகவும் ஒரு கண் பழசாகவும் சௌக்கியம். அங்கே நீ எப்படி இருக்கிறாய், குளிர் விட்டதா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனில் நம் பேச்சு எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். நல்லா இருக்கீங்களாப்பா என்பாய், இருக்கேம்மா என்பேன், சாப்பிட்டியா என்பேன், சாப்பிட்டேன் அம்மாகிட்ட குடுங்க என்பாய். அந்த நாலு வரியை நாம் தாண்டி வருஷக்கணக்காகிறது. உன்னைச் சின்ன இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட்டும் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்பை வைத்துக்கொண்டு அடுத்தவர் வண்டிக்கெல்லாம் தகுதி உண்டு, இல்லை என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நீ ஒரு சின்னச் சுத்தியலோடு நம் காரைச் சுற்றி வந்து டயர் டயராகத் தட்டி, இது பாஸ், இது ஃபெயில் என்று சொல்வாய். அதில் வந்த பெயர். அதை எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

முதலில் ஒன்றைப் போட்டு உடைத்துவிடுகிறேன். உன் அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். நீ சனிக்கிழமைதோறும் பழைய கார்களைப் புதுப்பிக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கார்புரேட்டர் கழுவிக் கொடுப்பது, அந்த ஒர்க்‌ஷாப்காரர் முழு நேரமாக வந்துவிடு என்று கேட்டிருப்பது, மாதக் கடைசிக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது, மருந்துக் கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதத்தை நீ எழுதுவதும் கிழிப்பதுமாக இருப்பது, எல்லாம் தெரியும். அப்பாகிட்ட சொல்லாதேம்மா, அவர் என்ன சொல்வாருன்னு எனக்கே தெரியும் என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மாவிடம் ஒரு ரகசியம் இரண்டு வாரம் தங்கியதே பெரிய விஷயம், அதற்கு அவளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியாது கண்ணு. போன மாதம் வரை எனக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் வண்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வரிசையாக வரும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் படி.

அம்மாவின் இடது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்த அன்று காலையில், டாக்சி வெச்சுக்கலாங்க என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். நான் கேட்டேனா, இல்லை. முப்பது வருஷம் ஊரார் வண்டியைக் குறை சொன்னவன் சொந்த வண்டியை வாசலில் விட்டுவிட்டு டாக்சியில் போவதா என்று எனக்கு வீறாப்பு. கண் ஆஸ்பத்திரி மேட்டுக்கு மேலே. அந்த மேட்டை நீ மறந்திருக்க மாட்டாய். பாதி ஏறியதும் பேக்கரி வரும், பேக்கரி வந்ததும் வண்டி திணறும், பின் சீட்டிலிருந்து நீ அப்பா, பேக்கரி என்று கத்துவாய், நான் இரண்டாவது கியருக்கு இறங்குவேன். அதை நம் வீட்டில் யாரும் குறையாக நினைத்ததே கிடையாது, வண்டிக்குத் தெரிந்தவர் யாரோ அங்கே இருக்கிற மாதிரி பழகிவிட்டோம். இந்த முறை இரண்டாவதிலும் ஏறவில்லை. முதல் கியருக்கு மாற்றினேன், இரண்டு உதறு உதறிவிட்டு நின்றேவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்து தள்ளினார், டிக்கியில் அவருடைய பத்து விரலும் வெள்ளையாகப் பதிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மடியில் ரிப்போர்ட் கவரை வைத்துக்கொண்டு, இதுக்கு மூச்சு முட்டுதுங்க என்று மட்டும் சொன்னாள். அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அதே வண்டியில் அதே வார்த்தையைப் பதினேழு வயதில் நீ சொன்னாய், ஒரு தடவை அல்ல, அந்த லீவு முழுக்கச் சொன்னாய்.

கட்டு அவிழ்த்த வாரத்தில் பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டர் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த வட்டமான ஏர் ஃபில்டர் டப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே காகித வளையம், மேலே மூடி, காற்று போக ஒரே ஒரு மூக்கு, மூக்கின் கழுத்தில் ஒரு சின்ன லீவர். அந்த லீவரில் நான் வைத்த ஈயச் சீல். வண்டி வாங்கிய அன்றே ஆபீஸிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்து, எந்த மெக்கானிக்கும் கை வைக்கக் கூடாது என்று கம்பி முறுக்கி அடித்தது. வாடகைக் கார் மீட்டர்களுக்குச் சீல் வைத்து வைத்து வந்த பழக்கம். உன் பரீட்சைச் சமயத்தில் டிவி பிளக்குக்கு ஒரு தடவையும் சர்க்கரை டப்பாவுக்கு ஒரு தடவையும் வைத்தேனே, அதே இடுக்கிதான். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். புதுக் கண் வந்ததிலிருந்து வீட்டில் அவள் கண்ணுக்குத் தப்பிய பொருளே இல்லை, ஜன்னல் மூலை நூலாம்படை, என் சட்டைக் காலர், என் காதில் இருக்கும் முடி வரைக்கும் ஒரே வாரத்தில் கணக்கெடுத்துவிட்டாள். குனிந்து பார்த்து, அங்க என்னமோ படம் போட்டிருக்கே என்றாள். படமும் இல்லை ஒன்றும் இல்லை, அழுக்கு என்றேன். கந்தல் துணியை வாங்கி அவளே துடைத்தாள். துடைத்துவிட்டு, இந்தப் பக்கம் சூரியன், அந்தப் பக்கம் பனிப்பூ மாதிரி ஒண்ணு, உங்க சீல் பனிப்பூ மேல இருக்குங்க என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நம்ம ஊர்ல எப்பங்க பனி பெஞ்சுது என்று கேட்டாள்.

எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. நமக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர் பனி பெய்கிற மலையில் ஓட்டியவர். அங்கே இன்ஜின் உறைந்துபோகாமல் இருக்க, புகைக் குழாய்க்குப் பக்கத்திலிருந்து சூடான காற்றை இழுக்கிற மாதிரி லீவரைப் பனிப்பூப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறார். நான் வாங்கினேன், வந்த நிலைதான் கம்பெனி போட்ட நிலை என்று நினைத்துச் சீலையும் வைத்தேன். சூடான காற்று மெலிந்த காற்று, இன்ஜினுக்கு அது காணாது. இருபத்தாறு வருஷம், கொளுத்துகிற வெயிலில், அந்த வண்டிக்குக் கம்பளியைப் போர்த்தியே ஓட்டியிருக்கிறேன். ஊரில் இருக்கிற லாரி, வேன், டாக்சி எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவன் சொந்த வண்டியின் மூக்கை ஒரு நாள் துடைத்துப் பார்க்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. உள்ளே போய் இடுக்கியை எடுத்து வந்து கம்பியை வெட்டினேன். லீவரை, வெளிக்காற்றை இழுக்கிற வெயில் காலத்துச் சூரியன் பக்கம் தள்ளினேன். தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போய் வந்தேன், கொஞ்சம் தேறியிருந்தது, ஆனாலும் முழுசாகச் சரியாகவில்லை. வெந்நீர் குடித்தவனுக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரிதான், தாகம் இன்னும் இருந்தது. மூக்கும் சின்னதுப்பா, ஒரு மூக்கு அதுக்குப் போதாது என்று நீ அன்றைக்கே சொன்னாய்.

இப்போது அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். நீயும் மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. நான் ஆபீஸ் விட்டு வந்து வண்டியை எடுத்தால் ஒரே உறுமல். பானெட்டைத் திறந்தால் மூடியின் பக்கச் சுவரில் வரிசையாக ஓட்டை. நீ கையில் துளைபோடும் கருவியோடு, கண்ணெல்லாம் சிரிப்பாக, ஓட்டிப் பாருங்கப்பா என்று நின்றாய். நான் ஓட்டிப் பார்க்கவில்லை. கழற்றிக் கொல்லைப்புறத்தில் வீசினேன். தெரியாத வேலையில கை வைக்காதே, கம்பெனிக்காரனை விட நீ பெரிய ஆளா, இந்த ஓட்டை வழியா தூசி போயி இன்ஜின் நாசமாகும் என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்ததைக் கூட நான் லட்சியம் பண்ணவில்லை. மறுநாளே வேறு மூடி வாங்கி மாட்டிவிட்டேன். அதற்கு அடுத்த வாரம்தான் இன்ஜின் படிப்புக்கான உன் விண்ணப்பம் என் கையெழுத்துக்காக மேஜையில் இருந்தது. நான் போடவில்லை. மருந்துப் படிப்புக்கு வேறொரு விண்ணப்பத்தை நானே வாங்கி வந்து வைத்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் அதில் கையெழுத்துப் போட்டாய். நீ அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால், நானும் கத்தி ஓய்ந்து இறங்கி வந்திருப்பேனோ என்னவோ. நீ பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாய். அதற்கப்புறம் நம் வண்டியை நீ தொடவே இல்லை, பானெட் திறந்திருந்தால் அந்தப் பக்கமாகக் கூட வர மாட்டாய்.

சீலை வெட்டிய அன்று சாயங்காலம் அம்மாவிடம், அந்த மூடி குப்பைக்குப் போயிடுச்சா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தினமும் அதுலதானே டீ குடிக்கிறீங்க என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப் போய்ப் புதினாச் செடியைக் காட்டினாள். நீ ஓட்டை போட்ட மூடியைத்தான் கவிழ்த்து, மண் நிரப்பி, புதினா நட்டிருக்கிறாள். பக்கத்தில் ஓட்டை இருக்கிறதால் தண்ணீர் தேங்காதாம், அதனால் வேர் அழுகாதாம், இந்த வீட்டிலேயே உருப்படியான தொட்டி இதுதானாம். பன்னிரண்டு வருஷமாக நான் தினமும் காலையில் புதினா டீ குடித்துவிட்டு, ஆஹா, வாசனையா இருக்கு என்று சொல்லியிருக்கிறேன், அது எதிலிருந்து வந்தது என்று தெரியாமலே. செடியை வேறு தொட்டிக்கு மாற்ற அவள் லேசில் சம்மதிக்கவில்லை, எதுக்கு என்று மூன்று தடவை கேட்டாள். வண்டிக்குப் போடப் போறேன் என்றதும் மண்வாரியை எடுத்தாள். துருவைத் தேய்த்து எடுத்தபிறகு உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தொன்று. உனக்கே எண்ணிக்கை ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ.

கடைத்தெருவில் சமையலறைப் புகைக்குழாயெல்லாம் செய்கிற ஒரு தகரக் கடை இருக்கிறது. நடத்துகிற அம்மாளுக்கு உன்னைவிட ஏழெட்டு வயது அதிகம் இருக்கும். அவருடைய சரக்கு வேனை நான் மூன்று முறை ஃபெயில் பண்ணியிருக்கிறேன், பின்கதவை அவரே வெட்டி அகலமாக்கினார் என்பதற்காக. என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. மூடியைக் காட்டி, இதுல கொஞ்சம் மாற்றம் பண்ணணும் என்றேன். அவர் மூடியைப் பார்க்காமலே, கம்பெனி போட்டதை மாத்தக் கூடாதே சார் என்றார். என் வார்த்தை, என் குரல், நான் புருவத்தைத் தூக்குவது கூட அப்படியே. கடையில் இருந்த இரண்டு பேர் தகடு வளைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நானும் நின்றேன், வேறென்ன செய்ய, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே. ஆசை தீரச் சொல்லி முடித்தபிறகு மூடியைக் கையில் வாங்கினார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார், ஓட்டைகளுக்குள் சுண்டுவிரலை விட்டு ஒவ்வொன்றாகத் தடவினார். யார் சார் போட்டது, எல்லாம் ஒரே அளவு, உள் பக்கம் பிசிறு கூடத் தட்டியிருக்கு, நிதானமான கை என்றார். தூசி போகுமே என்றேன், பன்னிரண்டு வருஷமாகப் பிடித்து வைத்திருந்த ஒரே காரணம் அதுதான். அவர் காகித வளையத்தை எடுத்து உள்ளே வைத்துக் காட்டினார். ஓட்டை முப்பத்தொன்றும் வளையத்துக்கு வெளியேதான் இருக்கிறது. உள்ளே போகிற காற்று காகிதத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தூசி போகாது. நீ அதையும் யோசித்துத்தான் கோடு கிழித்திருக்கிறாய், நான்தான் அன்றைக்கு வளையத்தை வைத்துப் பார்க்கிற பொறுமை இல்லாமல் வீசிவிட்டேன். ஆளு இப்ப எந்த ஒர்க்‌ஷாப்ல சார் என்று அந்த அம்மாள் கேட்டார். மருந்துக் கம்பெனியில் பாட்டில் மேல ஒட்டுற சீட்டெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கிறா என்றேன். அவர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் யாரும் ஒன்றும் கேட்காமல் இருந்து என்னை இப்படிக் கஷ்டப்படுத்தியதில்லை.

நீ செய்ததில் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், உனக்கும் இப்போது தெரிந்திருக்கும். ஓட்டை வழியாகப் பானெட்டுக்குள் இருக்கிற வெக்கைக் காற்றுதான் போகும், அதனால்தான் உறுமலும். அதற்கு அந்த அம்மாள் சொன்ன வழி, ஓட்டை இருக்கிற பக்கத்துக்கு மட்டும் தகரத்தில் ஒரு அரைவட்டச் சட்டை தைத்து, அதற்கு ஒரு வாய் வைத்து, அங்கிருந்து ஒரு ரப்பர்க் குழாயை முன் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிற சந்து வரை கொண்டுபோவது. வெளியில் இருக்கிற குளிர்ந்த காற்று நேராக உன் ஓட்டைக்கு வரும். நான் ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து அளவு எடுத்தேன், மில்லிமீட்டர் பிசகாமல், இரண்டு பக்கத்துக்குப் படம் வரைந்து, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அப்படியே செய்து கொடுத்தார். வீட்டில் மாட்டினால் அச்சாகப் பொருந்தியது. பானெட்டைச் சாத்தினேன், சாத்த முடியவில்லை. முப்பது வருஷ இன்ஸ்பெக்டர், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டே எல்லா அளவும் எடுத்திருக்கிறேன், அது மூடினால் எங்கே வந்து நிற்கும் என்று பார்க்கவே இல்லை. வண்டியோடு திரும்பப் போய் நின்றேன். அந்த அம்மாள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேக்கரியில கொஞ்சம் பிசைஞ்ச மாவு வாங்கிட்டு வாங்க சார் என்றார். என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். கேலி இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, மாவை உருண்டை உருண்டையாக மூடி மேல் நாலு இடத்தில் வைத்துப் பானெட்டை மெதுவாகச் சாத்தித் திறந்தால், உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அவ்வளவுதான் இடம். நசுங்கிய மாவில் ஈர்க்குச்சியைக் குத்தி அளந்தார், ஒரு இடத்தில் விரல்கடை கூட இல்லை. சட்டையை அந்த இடத்தில் சரித்து மறுபடி தைத்தார். உன் ஓட்டையில் ஒன்றைக் கூட அடைக்கவில்லை, பெரிசாக்கவும் இல்லை, இதுக்கு மேல தொட வேண்டாம் சார், சரியா இருக்கு என்றார்.

காற்று கூடினால் பெட்ரோலும் கொஞ்சம் கூட வேண்டும் என்பது உனக்குத் தெரியும், எனக்கு அது இரண்டாம் நாள்தான் உறைத்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கார்புரேட்டர் திருகைக் கால் கால் திருப்பாகத் திருப்பி, ஓட்டி, கழற்றிப் பார்த்து, மறுபடி திருப்பி, நாலாவது தடவையில் பிளக் இருக்க வேண்டிய பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலை உன்னோடு போன் பேசி முடித்ததும் அம்மாவை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். மூன்றாவது கியரில் ஏறினேன். பேக்கரி வந்தது. கை தானாகக் கியர் மேல் போய்விட்டது, பழக்கம் விடுமா. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வேணாங்க, அது போகுது என்றாள். போனது. பேக்கரிக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தட்டிக்கொண்டு தள்ளத் தயாராக வெளியே வந்துவிட்டார், நாங்கள் நிற்காமல் போனதைப் பார்த்து அப்படியே நின்றார். பின்னால் ஒரு காலி சீட்டு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மேலே ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, சொல்லிடறேன் என்று ஆரம்பித்தாள்.

அவள் சொல்லி முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது, உன் மேல் இல்லை. தெரியாத வேலையில கை வைக்காதேன்னு அப்பா சொன்னது இன்னும் காதுல கேக்குதும்மா என்று நீ சொன்னாயாம். இருபத்தொன்பது வயதில், கடல் தாண்டி, ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுகொண்டு என் குரலைக் கேட்டுக் காலைப் பின்னால் வைக்கிறாயே, அந்தக் குரலின் மேல்தான் கோபம். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது கண்ணு. சூரியன் எது பனி எது என்று தெரியாமல் சீல் வைத்த ஆள் அவன். நீ அவனை நம்பி இத்தனை வருஷம் சீட்டு ஒட்டிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். போய் வேலையில் சேர் என்று நான் இப்போது உத்தரவு போட்டால் அதுவும் பழைய மாதிரியே ஆகிவிடும், அதனால் போடவில்லை. போகலாமா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள், அந்த இன்ஜினை அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்டவள் நீ, இதையும் கேட்டுச் சொல்ல உனக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு நீ சரி, நான் தப்பு. ஓட்டையிலும் தப்பு, தூசியிலும் தப்பு, அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாததில் எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு. மன்னித்துக்கொள் என்று எழுதலாம், எழுதிவிட்டேன். எழுதியதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது உண்மை, ஆனால் எனக்கு லேசாக வேண்டும் என்பதற்காக நீ மன்னிக்க வேண்டாம், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போதும்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். புதினா புதுத் தொட்டிக்கு மாறிய கோபத்தில் நாலு நாள் வாடி, இப்போது தலையைத் தூக்கியிருக்கிறது. அம்மாவுக்கு அடுத்த கண் அடுத்த மாதம், அது முடிந்தால் என் பாடு திண்டாட்டம்தான். நீ அங்கே பெட்ரோல் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதே, நகக்கண்ணில் இருந்தால் எலுமிச்சைத் தோலால் தேய். தலைமுடியைக் கட்டிக்கொண்டு குனி, ஃபேன் பெல்ட் யாருக்கும் தயவு காட்டாது. எந்த வண்டியையும் பார்ப்பதற்கு முன்னால் அதன் மூக்கைத் துடைத்துப் பார், இதை மட்டும் ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் அனுபவத்தில் சொல்கிறேன். இந்தத் தபால் ஒன்பது நாளில் வந்துவிடும் என்று தபாலாபீஸில் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டேன், மாதக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. பதில் எனக்கு எழுத வேண்டாம், முதலில் அந்த ஒர்க்‌ஷாப்காரருக்குச் சொல்லு. நீ எது செய்தாலும் நன்றாக இருப்பாய், உன் கை நிதானமான கை, அது எந்த வேலையில் பட்டாலும் விளங்கும், நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். வரும்போது சாவி ஆணியில் தொங்கும். ஓட்டுவது நீ, பின் சீட்டில் உட்காருவது நான். மேட்டில் பாதி வந்ததும் நான் வாயைத் திறக்கவே மாட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா

ஞாபகமாக: உறையின் அடியில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது, தவறிக் குப்பையில் போட்டுவிடாதே. வெட்டிய கம்பியும் ஈயச் சீலும். எங்கள் ஆபீஸில் யார் சீலை வெட்டினாலும் கூடவே ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது விதி, முப்பது வருஷத்தில் நான் அதை ஒரு தடவை கூடத் தவறவிட்டதில்லை. இதற்கும் எழுதியிருக்கிறேன்.

சீல் வைத்தவர்: நான்.
வெட்டியவர்: நான்.
வெட்டிய காரணம்: வைத்த இடம் தவறு.
மூச்சு முட்டுகிறது என்று முதலில் சொன்னவர்: என் மகள். சொல்லிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.